ஸ்லீவ் ஆபரேஷன் முடிஞ்ச பிறகு வலி: எந்த வலிக்கு என்ன செய்யணும்?

பெரம்பூர் | மே 6, இரவு 9.10

அக்காவுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் (ஸ்லீவ், அதாவது இரைப்பையில பெரும்பகுதியை வெட்டி எடுக்கிறது) முடிஞ்சு இன்னைக்கு நாலாவது நாள். நேத்துதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வயித்தைவிட இடது தோள்பட்டைதான் வலிக்குதுன்னு அழறாங்க. வயித்துல பண்ண ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்கணும்? சின்னச் சின்ன ஓட்டைதான், வலியே இருக்காதுன்னு எல்லாரும் சொன்னாங்க. மாமா மருந்துக்கடையில சொல்லி டைக்ளோஃபெனாக் மாத்திரை வாங்கிட்டு வந்துட்டார். கொடுக்கலாமா?

கீழ்ப்பாக்கம் | மே 6, இரவு 9.25

கொடுக்காதீங்க தம்பி. ஏன்னு அப்புறம் சொல்றேன், முதல்ல நாடி பாருங்க. அக்கா அஞ்சு நிமிஷம் பேசாம உக்காரட்டும். மணிக்கட்டுல கட்டைவிரல் பக்கமா ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வச்சு முழுசா 60 விநாடி எண்ணுங்க. 15 விநாடி எண்ணி நாலால பெருக்க வேணாம். அப்படியே ஜுரமும் பாருங்க.

நாடி 120-ஐத் தாண்டினாலோ, ஜுரம் 100.4-க்கு மேல போனாலோ, மூச்சு வாங்கினாலோ, வயித்துவலி நேத்தைவிட இன்னைக்குக் கூடியிருந்தாலோ இங்க பதிலுக்குக் காத்திருக்காம சர்ஜனைக் கூப்பிடுங்க. கிடைக்கலைன்னா 108. தையல் போட்ட இடத்துல கசிவு இருந்தாலும் இடது தோள்ல வலி வரும். அதனாலதான் முதல்ல இதைக் கேட்கிறேன்.

பெரம்பூர் | மே 6, இரவு 9.41

நாடி 92. ஜுரம் 98.4. தோள்வலி நேத்தைக்கு இன்னைக்குக் கம்மிதானாம். படுத்தா குறையுது, எழுந்து உக்காந்தா வருதுன்னு சொல்றாங்க.

கீழ்ப்பாக்கம் | மே 6, இரவு 10.20

அப்போ இது பெரும்பாலும் காத்து வலிதான். லேப்ராஸ்கோப்பியில (சின்ன ஓட்டை வழியா பண்ற ஆபரேஷன்) வயித்தை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு அடிப்பாங்க, அழுத்தம் 12-லிருந்து 15 மி.மீ. பாதரசம் வரைக்கும். முடிஞ்சதும் வெளிய எடுத்துடுவாங்க, ஆனா முழுசா வராது. மிச்சம் இருக்கிறது மேல ஏறி உதரவிதானத்துக்குக் (நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை) கீழ தங்கி அதை எரிச்சல்படுத்தும். உதரவிதானத்துக்குப் போற நரம்பு கழுத்துலேர்ந்து கிளம்புது, தோளுக்குப் போற நரம்பும் அங்கேர்ந்துதான். மூளைக்கு எது எதுன்னு பிரிக்கத் தெரியாம தோள் வலிக்குதுன்னு சொல்லுது. உக்காந்தா காத்து மேல ஏறும், அதனாலதான் வலி கூடுது.

இந்தக் காத்து குடலுக்கு உள்ள இல்ல, வெளிய இருக்கு. அதனால ஏப்பமாவோ கீழாவோ போகாது. ரத்தம் அதை உறிஞ்சி மூச்சு வழியா வெளிய விட்டுடும். ஓமத்தண்ணி, பெருங்காயம், சோடா எதுவும் அதைத் தொடவே தொடாது. சோடா இன்னும் கெடுதல். புதுசா தைச்ச சின்ன இரைப்பைக்குள்ள காத்து உப்பினா அது தனியா ஒரு வலி.

செய்ய வேண்டியது: தோள்ல வெந்நீர்ப் பை (துண்டு சுத்தி, 15 நிமிஷம்), முழிச்சிருக்கிற நேரத்துல ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷ நடை, வலி ஏறும்போது கொஞ்ச நேரம் மட்டமாப் படுக்கிறது. குடிச்ச உடனே மட்டமாப் படுக்க வேணாம், எதுக்களிக்கும்.

மாத்திரைன்னா பாராசிட்டமால் 650, ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. ஒரு நாளைக்கு நாலு, அதாவது 2600 மி.கி. முழுங்கக் கஷ்டமா இருந்தா பொடிச்சுக் கொடுங்க. சிரப்பா இருந்தா பாட்டிலைப் பார்த்துக் கணக்குப் போடுங்க. 5 மி.லி.யில 250 மி.கி. இருந்தா 13 மி.லி. 125 மி.கி. உள்ளதும் கடையில இருக்கு, அதுக்கு 26. சுகர் இருக்கிறவங்களுக்கு சிரப்பைவிடப் பொடிச்ச மாத்திரையே நல்லது.

கீழ்ப்பாக்கம் | மே 7, காலை 6.15

நேத்து விட்ட பாக்கி: டைக்ளோஃபெனாக் ஏன் கூடாது.

இரைப்பையோட உள் சுவரை அதோட சொந்த அமிலமே அரிச்சிடாம ஒரு வழவழப்பான படலம் காக்குது. அந்தப் படலத்தை ஊறவைக்கிற சுரப்பையே இந்த வகை மாத்திரை நிறுத்திடும். சாதாரண வயித்துலயே புண் வரும். ஸ்டேப்ளர் போட்டு ஆறாத வயித்துலயோ, பைபாஸ்ல (இதய பைபாஸ் இல்ல, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோட இணைக்கிற இன்னொரு எடை குறைப்பு ஆபரேஷன்) இரைப்பையும் குடலும் சேர்ற இணைப்புலயோ புண் வந்தா ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். பைபாஸ் பண்ணவங்களுக்கு இது ஆயுசுக்கும் வேணாம். ஸ்லீவுக்கு எத்தனை மாசம்ங்கிறதுல டாக்டர்களுக்குள்ள வித்தியாசம் உண்டு, அதை உங்க சர்ஜன்கிட்டயே கேட்டுக்கோங்க. முதல் வாரங்கள்ல வீட்டுல நீங்களா எடுக்கிறது எல்லாருக்கும் தப்புதான்.

அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் படிங்க. முன்னாடி கம்பெனிப் பேர் பெருசா இருக்கும், மருந்துப் பேர் பின்னாடி பொடி எழுத்துல. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், கீட்டோரோலாக், நிமெசுலைடு, மெஃபெனமிக் ஆசிட், ஆஸ்பிரின் – இதுல ஒண்ணு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துடுங்க. நம்ம ஊர்க் கடையில "உடம்பு வலி"ன்னு கேட்டா பாதி நேரம் அசெக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரைதான் கைக்கு வரும். "பாராசிட்டமால்தானே"ன்னு அதை வாங்கிடாதீங்க.

ஊசியாப் போட்டா வயித்துக்குப் போகாதேன்னு சிலர் நினைக்கிறாங்க. ரத்தம் வழியாவும் அதே வேலையைத்தான் செய்யும். ஆஸ்பத்திரியில ட்ரிப்ல ஒண்ணு ரெண்டு டோஸ் கொடுத்திருக்கலாம், அது அமிலத்தைக் குறைக்கிற மருந்தோட, கண்காணிப்புல. அதைப் பார்த்து வீட்டுல தொடரக் கூடாது.

இதயத்துக்குத் தினம் ஆஸ்பிரின் 75 எடுக்கிறவங்க இதைப் படிச்சிட்டு நிறுத்திடாதீங்க. அது இதய டாக்டரும் சர்ஜனும் பேசி முடிவு பண்ற விஷயம்.

கீழ்ப்பாக்கம் | மே 7, காலை 6.50

நேத்து ஒண்ணு முழுசா சொல்லாம விட்டுட்டேன், திருத்திக்கோங்க. 120 கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது. மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரனோலால் மாதிரி பிபி மாத்திரை எடுக்கிறவங்களுக்கு நாடி ஏறாம அடக்கி வைக்கும். உள்ள கசிவு இருந்தாலும் 95, 100-லயே நிக்கலாம். அவங்க ஒரு எண்ணை நம்பாம அவங்களோட வழக்கமான நாடியோட ஒப்பிடணும். தினம் 68 இருந்தவங்களுக்கு உக்காந்த நிலையில 98 வந்தா அது பெரிய ஏத்தம். அக்கா இதுல ஏதாவது எடுக்கிறாங்களா?

பெரம்பூர் | மே 7, காலை 8.05

இல்ல சிஸ்டர், டெல்மிசார்டான் மட்டும்தான். இப்போ தோள் பரவாயில்ல. ஆனா எழுந்திரிக்கும்போது வலது பக்கம் ஒரு ஓட்டை மட்டும் கிழியற மாதிரி இருக்காம். மத்த நாலும் தெரியவே இல்லயாம்.

கீழ்ப்பாக்கம் | மே 7, மதியம் 2.30

அஞ்சு ஓட்டையும் ஒரே அளவு இல்ல. வெட்டின இரைப்பையை வெளிய எடுக்கிற ஓட்டை பெருசு, தசையை விரிச்சு அது வழியா எடுப்பாங்க, உள்ளயும் தையல் இருக்கும். ஸ்லீவ்ல இரைப்பையில முக்கால் பங்குக்கு மேல எடுத்துடறாங்க, அவ்வளவும் அந்த ஒரு வழியாத்தான் வருது. அந்த இடம் ரெண்டு மூணு வாரம் சுண்டி இழுக்கும். ஒவ்வொரு வாரமும் குறையணும், அதைத்தான் கவனிக்கணும்.

ரெண்டாம் நாள் முதல் நாளைவிட வலிச்சதுன்னு பல வீட்டுல பயந்துடறாங்க. ஆபரேஷன் முடியறப்போ வயித்துச் சுவர்ல மரத்துப்போற ஊசி போட்டிருப்பாங்க, அது இறங்கற நேரம் அது.

எழுந்திரிக்கிற முறைதான் இங்க முக்கியம். நேரா எழுந்து உக்காந்தா வயித்துத் தசை முழுசும் அந்தத் தையலை இழுக்கும். வீட்டுல பாசத்துல ரெண்டு கையையும் பிடிச்சுத் தூக்கறாங்க, அது இன்னும் மோசம். இப்படிப் பண்ணுங்க: மல்லாந்து படுத்தபடியே ரெண்டு முழங்காலையும் மடக்கணும். பெரிய ஓட்டை இல்லாத பக்கமா, அக்காவுக்கு இடது பக்கமா, தோளும் இடுப்பும் ஒண்ணா உருளணும், மரக்கட்டை உருள்ற மாதிரி. காலைக் கட்டில் விளிம்புக்கு வெளிய இறக்கினா காலோட எடையே உடம்பைத் தூக்க ஆரம்பிக்கும். அதே நேரம் கீழ இருக்கிற முழங்கையையும் மேல் கையோட உள்ளங்கையையும் மெத்தையில ஊனி எழும்பணும். ஒரு நிமிஷம் உக்காந்த பிறகு நிக்கணும், இல்லன்னா தலை சுத்தும். கூட இருக்கிறவங்க முதுகுக்குப் பின்னாடி கை கொடுத்தா போதும். தரையில பாய் வேணாம், ஆறு வாரத்துக்குக் கட்டில்.

இருமல், தும்மல் வந்தா சின்னத் தலையணையை அந்த ஓட்டை மேல வச்சு ரெண்டு கையாலயும் அமுக்கிக்கிட்டு இருமணும். வலிக்கும்னு இருமாம விட்டா நுரையீரல் அடியில சளி தேங்கும். மூணு பந்து ஊதுகுழாய் கொடுத்திருப்பாங்களே, அதை ஊதக் கூடாது, உறிஞ்சணும். மெதுவா இழுத்து, பந்து மேல நிக்கும்போது மூணு விநாடி பிடிச்சு விடணும். மணிக்குப் பத்து தடவை. முதல் வாரம் ரெண்டு பந்து ஏறினாலே நல்லது. அவசரமா இழுத்து மூணையும் ஒரு நொடி குதிக்க வைக்கிறதுல பலன் இல்ல.

குறட்டைக்கு இரவுல மாஸ்க் மெஷின் வச்சிருந்தவங்க அதை நிறுத்த வேணாம். டிரமடால் (கடுமையான வலிக்கான மருந்து) கொடுத்திருந்தா இன்னும் கவனம், தூக்கத்துல மூச்சு மந்தமாகும்.

குரோம்பேட்டை | மே 8, காலை 7.20

உணவு சம்பந்தமா நான் சேர்க்கிறேன், டயட்டீஷியன். வலின்னு வர்றதுல பாதி குடிக்கிற வேகத்தால வருது. நெஞ்சுக்குழியில கல் உக்காந்த மாதிரி வலி, வாயில எச்சில் ஊறறது, அப்புறம் நுரை நுரையா வாந்தி. இப்படி வந்தா ஒரு மடக்கு அதிகமாப் போச்சுன்னு அர்த்தம்.

சிரப் பாட்டில் மூடியா வர்ற சின்ன அளவுக் கப்ல 30 மி.லி. ஊத்துங்க. அதை ஒரே மடக்கா இல்ல, 15 நிமிஷத்துக்குப் பரப்பிக் குடிக்கணும். மணிக்கு 120. காலை 6-லிருந்து இரவு 9 வரைக்கும் 1800 மி.லி. ஆயிடும். ஸ்ட்ரா வேணாம், காத்தும் சேர்ந்து உள்ள போகும். ஐஸ் தண்ணி சிலருக்கு இறுக்கிப் பிடிக்கும், வெதுவெதுப்பா பழகிப் பாருங்க.

முதல் ரெண்டு நாள் தெளிவான திரவம்: வடிகட்டின நீர்மோர், மிளகாய் இல்லாத ரச வடி, பார்லித் தண்ணி. அப்புறம் ரெண்டு வாரம் வரைக்கும் முழுத் திரவம். நம்ம வீடுகள்ல இங்கதான் தப்பு நடக்குது. கஞ்சித் தண்ணி, ரசம், இளநின்னு நாள் முழுக்கக் கொடுத்துட்டு நல்லா குடிக்கிறாங்கன்னு சந்தோஷப்படறாங்க. புரதம் கிட்டத்தட்ட சைபர். தேவை 60 கிராம். பால் 200 மி.லி.யில 6-7, பொட்டுக்கடலை மாவு ரெண்டு ஸ்பூன்ல 4. மீதிக்குப் புரதப் பவுடர்தான் வழி, ஒரு ஸ்கூப்ல 20-லிருந்து 25. பால் ஒத்துக்காம வயிறு பொருமினா ஐசொலேட் வகை (பால் சர்க்கரையைப் பெரும்பாலும் நீக்கின பவுடர்) வாங்குங்க.

ஃபில்டர் காபி கேட்பாங்க. ஒரு மாசம் போகட்டும்.

கீழ்ப்பாக்கம் | மே 8, இரவு 9.45

இளநி பத்தி ஒரு வரி: டெல்மிசார்டான் எடுக்கிறாங்கன்னு தம்பி சொன்னார். அந்த மாத்திரை பொட்டாசியத்தைத் தேக்கும், இளநியில பொட்டாசியம் அதிகம். தினம் ரெண்டு மூணு காய்னு ஓட வேணாம். இன்னொண்ணு, கத்திரி வெயில்ல தண்ணியும் கம்மியாக் குடிச்சு, பிபி மாத்திரையும் பழைய அளவுலயே போட்டா பிபி விழுந்து மயக்கம் வரும். வீட்டுல மெஷின் இருந்தா காலையில எழுதி வைங்க, மேல் எண் 100-க்குக் கீழ வந்தா டாக்டருக்குச் சொல்லுங்க. சுகர் மாத்திரையும் அப்படித்தான். கிளிமிபிரைடு, இன்சுலின் ரெண்டும் ஆபரேஷன் முடிஞ்ச நாளே குறைக்க வேண்டியிருக்கும். டிஸ்சார்ஜ் தாள்ல பழைய அளவே இருந்தா போன் பண்ணிக் கேட்டுடுங்க.

கீழ்ப்பாக்கம் | மே 11, காலை 6.30

வேர்வை. மே மாசச் சென்னையில வயித்து மடிப்புக்குள்ள ஈரம் காயவே காயாது. 48 மணி நேரத்துக்குப் பிறகு குளிக்கலாம், சோப்பு நுரை மேல வழிஞ்சா ஒண்ணும் ஆகாது, தேய்க்கக் கூடாது. துண்டால ஒத்தி எடுத்து, பத்து நிமிஷம் ஃபேனுக்கு அடியில நின்னு காயவிடுங்க. வயித்துல கட்டற பெல்ட் நடக்கும்போது மட்டும். அதைப் போட்டபடியே மதியம் தூங்கினா அடியில வேர்க்குரு, அப்புறம் படர்தாமரை. மஞ்சள், தேங்காய் எண்ணெய் ஓட்டை மேல வேணவே வேணாம். லேசா தண்ணி மாதிரி ஒரு சொட்டு ரெண்டு சொட்டு கசிஞ்சா பயமில்ல. சீழ், நாத்தம், சுத்தி சிவந்து பரவறது இருந்தா காட்டணும்.

நடை: காலை 5.30-க்குத் தெருவுல, மீதி எல்லாம் வீட்டுக்குள்ள. மாடிப்படி ஏறலாம், மெதுவா. 20 லிட்டர் தண்ணி கேனைத் தூக்கிக் கவுக்கறது, பைக்கை சென்டர் ஸ்டாண்ட் போடறது ரெண்டும் ஆறு வாரத்துக்குக் கிடையாது. அஞ்சு கிலோவுக்கு மேல எதையும் தூக்காதீங்க. கேன் கொண்டு வர்ற பையன்கிட்டயே மேல ஏத்தி வைக்கச் சொல்லிடுங்க.

ரத்தம் உறையாம இருக்க வீட்டுல ஊசி கொடுத்திருந்தா: தொப்புள்லேர்ந்து ரெண்டு அங்குலம் தள்ளி, ஓட்டை இல்லாத இடத்துல, தோலை மடிச்சுப் பிடிச்சு. போட்ட பிறகு தேய்க்கக் கூடாது, தேய்ச்சா கன்னிப்போகும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

பெரம்பூர் | மே 16, இரவு 8.50

சிஸ்டர், மூணு நாளா எது கொடுத்தாலும் வாந்தி. பசிக்குதுன்னு 11-ம் நாள் இட்லி கொடுத்தோம், அதுலேர்ந்து ஆரம்பம். இப்போ தண்ணியே நிக்க மாட்டேங்குது. பக்கத்து கிளினிக்ல குளுக்கோஸ் ஏத்தலாம்னு சொல்றாங்க.

கீழ்ப்பாக்கம் | மே 16, இரவு 8.58

அந்த குளுக்கோஸுக்கு முன்னாடி தயமின் ஊசி போட்டாகணும். இதை அவங்ககிட்ட இப்பவே சொல்லுங்க. முடிஞ்சா கிளினிக் வேணாம், ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கே கிளம்புங்க.

தயமின்ங்கிறது பி1. உடம்புல ரெண்டு மூணு வாரத்துக்கு மட்டும்தான் இருப்பு இருக்கும். சாப்பாடும் இல்லாம வாந்தியும் எடுத்தா அது தீர்ந்துபோகும். குளுக்கோஸை எரிக்க தயமின் வேணும், இருக்கிற கொஞ்சத்தையும் குளுக்கோஸ் உறிஞ்சிட்டா மூளை பாதிக்கும். பார்வை ரெண்டா தெரியறது, நடை தள்ளாடறது, பேச்சு குழம்பறது இருந்தா அது அவசரம். தாமதிச்சா சிலருக்கு நிரந்தரமாத் தங்கிடும். கண்ணு எப்படி இருக்கு, நேரா நடக்கிறாங்களா?

பெரம்பூர் | மே 17, காலை 10.30

நடை, பார்வை நல்லா இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கே போயிட்டோம். தயமின் போட்டு, உப்புத் தண்ணி ட்ரிப் ஏத்தினாங்க. ஸ்கேன்ல அடைப்பு இல்ல, வீக்கம்தானாம். மறுபடி திரவத்துக்கே போகச் சொல்லிட்டாங்க.

குரோம்பேட்டை | மே 17, மதியம் 1.10

நல்ல செய்தி. இட்லி மிருதுதான், ஆனா வாய்க்குத்தான் மிருது. சரியா மெல்லாம முழுங்கினா மாவு மாதிரி உருண்டு அடைச்சுக்கும். திரவம் ரெண்டு வாரம், மசிச்சது ரெண்டு வாரம், அப்புறம்தான் இட்லி, அதுவும் கால் துண்டு. சாப்பிடும்போது தண்ணி கூடாது, முடிச்சு 30 நிமிஷம் கழிச்சு. குழைஞ்ச சோறு, பிரெட், சப்பாத்தி இதெல்லாம் இட்லியைவிட அதிகமா அடைக்கும், கடைசியா வரட்டும். கீரைத் தண்டு, முருங்கைக்காய் சக்கை, தேங்காய்ச் சில் மூணையும் மறந்துடுங்க.

கீழ்ப்பாக்கம் | மே 17, இரவு 9.20

மலச்சிக்கலைப் பத்தி யாரும் கேட்கலை, ஆனா வயித்துவலின்னு வர்றதுல அதுவும் ஒண்ணு. டிரமடால், இரும்புச்சத்து, தண்ணி கம்மி மூணும் சேர்ந்தா வர்றது. லாக்டுலோஸ் (மலத்தை இளக்கற சிரப்) இரவு 15 மி.லி. இசப்கோல் இப்போ வேணாம், அது ஊற தண்ணி வேணும், இல்லன்னா உள்ளயே கட்டிப்பிடிக்கும். மலம் தார் மாதிரி கறுப்பா, பிசுபிசுன்னு, நாத்தத்தோட போனா ரத்தமா இருக்கலாம். இரும்பு மாத்திரையாலயும் கறுக்கும், ஆனா தார் மாதிரி ஒட்டாது. சந்தேகம் இருந்தா காட்டிடுங்க.

கீழ்ப்பாக்கம் | ஆகஸ்ட் 3, காலை 7.00

மாசக் கணக்குல தள்ளி வர்ற வலிகள். இந்த உரையாடல் அடியில போயிட்டாலும் தேடி வர்றவங்களுக்காக எழுதறேன்.

சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்கு அடியில பிடிச்சு, முதுகுக்கோ வலது தோளுக்கோ போனா பித்தப்பைக் கல். எடை வேகமாக் குறையும்போது பித்தத்துல கொழுப்பு கெட்டியாகிக் கல்லாகும். அதைத் தடுக்கத்தான் அர்சோடீஆக்சிகோலிக் ஆசிட் 300 மி.கி. ரெண்டு வேளை ஆறு மாசம் எழுதிக் கொடுக்கிறாங்க. வலி இல்லைன்னு ரெண்டாம் மாசமே நிறுத்திடறவங்க நிறைய.

பைபாஸ் பண்ணவங்களுக்கு மட்டும் ஒண்ணு. எடை குறைஞ்சு உள்கொழுப்பு கரைஞ்ச பிறகு, குடலைத் திருப்பி இணைச்ச இடத்துல இடைவெளி விழும். அதுக்குள்ள குடல் நுழைஞ்சு முறுக்கிக்கும். வருஷங்கள் கழிச்சும் வரலாம். நடுவயித்துல விட்டு விட்டுப் பிசையற வலி, வயித்தைத் தொட்டுப் பார்த்தா மிருதுவா இருக்கும், ரத்தப் பரிசோதனையும் சரியா இருக்கும். கேஸ்னு ஊசி போட்டு அனுப்பிட வாய்ப்பு இருக்கு. குடலுக்கு ரத்தம் போகாம நின்னா அழுகிடும். அதனால எந்த கேஷுவாலிட்டிக்குப் போனாலும் வாயைத் திறந்ததும் முதல் வாக்கியம் "பைபாஸ் பண்ணியிருக்கு"ன்னு இருக்கணும். டிஸ்சார்ஜ் தாளை போட்டோ எடுத்து நோயாளியோட போன்லயும் கூட இருக்கிறவர் போன்லயும் வச்சுக்கோங்க.

பெரம்பூர் | ஆகஸ்ட் 19, காலை 11.15

சிஸ்டர், நான் தம்பி இல்ல, அக்காதான் எழுதறேன். 19 கிலோ குறைஞ்சிருக்கு. தோள், ஓட்டை எந்த வலியும் இல்ல. மாசாமாசம் வர்ற வயித்துவலிக்கு முன்னாடியெல்லாம் ஒரு மாத்திரை போடுவேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், டைசைக்ளோமின்னு இருக்கு, அது உங்க பட்டியல்ல இல்ல. போடலாமா?

கீழ்ப்பாக்கம் | ஆகஸ்ட் 19, காலை 11.32

அதே வரியில "+" போட்டு அடுத்த பேரையும் படிங்க.

பெரம்பூர் | ஆகஸ்ட் 19, காலை 11.36

மெஃபெனமிக் ஆசிட் 250.

கீழ்ப்பாக்கம் | ஆகஸ்ட் 19, காலை 11.50

வேணாம்மா. டைசைக்ளோமின் வயித்துப் பிடிப்புக்கு, அது பரவாயில்ல. கூட இருக்கிறதுதான் நாம ஒதுக்கினது. ட்ரோட்டாவெரினும் இப்படித்தான், தனியாவும் விக்குது, மெஃபெனமிக்கோட சேர்த்தும் விக்குது. டாக்டர்கிட்ட தனி மாத்திரையா எழுதி வாங்கிக்கோங்க. அதுவரைக்கும் பாராசிட்டமால் 650, அடிவயித்துல வெந்நீர்ப் பை. அந்தப் பழைய அட்டையை மாமா கைக்குக் கிடைக்காம எடுத்துடுங்க.